பதினோராம் பருவம்

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நம் இலக்கிய வட்டம் பத்து ஆண்டுகளை நிறைவு செய்திருக்கிறது. பத்து என்றவுடன் தமிழ் படித்தவர்க்குப் பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வரும். காப்பு முதலாகச் சிறுதேர் ஈறாக ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குப் பருவங்கள் பத்து. பெண்பாற் பிள்ளைத்தமிழுக்கும் பத்தே. இறுதி மூன்று பருவங்கள் மட்டும் வேறுபடும். மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தோராம் திங்கள் வரை, ஒற்றைப்படைத் திங்கள்களில் இப்பருவங்களை அமைத்துக் கொள்வது மரபு. அதாவது, குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புவதற்குள் பத்துப் பருவங்களும் முடிந்துவிடுகின்றன.

இந்த இரண்டு வயது என்னும் எல்லையை இன்று வேறோர் இடத்திலும் காண்கிறோம். பன்னாட்டு விமானத்தில் இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி இருக்கை எடுக்க வேண்டியதில்லை. தாயின் மடியே இருக்கை. கட்டணமும் பெரியவர் கட்டணத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் கடவுச்சீட்டு மட்டும் தனியே வேண்டும். ஆக, நம் புலவர்கள் பாடிய பத்துப் பருவங்களும் அந்த மடியிருக்கைக்குள் அடங்கிவிடுகின்றன. ஆயினும் நான் பயின்ற பிள்ளைத்தமிழ் நூல்களில் குழந்தை தொட்டிலில் இருக்கிறது, கூடத்தில் தவழ்கிறது, தெருவில் தேர் உருட்டுகிறது. கப்பலில் ஏறிக் கடல் கடக்கும் குழந்தையை நான் கண்டதில்லை. இந்த இடைவெளியைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

இதன் வேர் மிகப் பழையது. கடல்வழிப் பயணம் பெண்ணுடன் மேற்கொள்ளப்படுவதில்லை என்று தொல்காப்பிய அகத்திணையியல் கூறுகிறது. பொருள்தேடித் தலைவன் பிரிவான், தலைவி காத்திருப்பாள், குழந்தை அவள் அருகில் இருக்கும். புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பி காட்டும் குழந்தையும் வீட்டிலேதான் சோற்றை அளைந்து மேலெல்லாம் சிதறிக்கொள்கிறது. கடல் ஆடவர்க்கு, வீடு குழந்தைக்கு என்று இலக்கியம் வகுத்து வைத்தது.

வரலாறு அந்த வகுப்பை உடைத்தது. 1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் முதற்கப்பல் அதுவே. 1911 வரை தொடர்ந்த அந்தக் குடிபெயர்வில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னைத் துறையிலிருந்து சென்றவர்கள். நூறு ஆடவர்க்கு நாற்பது பெண்களேனும் ஏற்றப்பட வேண்டும் என்ற விதி இருந்தமையால் பெண்கள் சென்றனர். அவர்கள் இடுப்பில் குழந்தைகளும் சென்றன.

அக்கப்பல்களின் பயணிப் பட்டியல்கள் இன்றும் உள்ளன. எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், ஊர், உடல் அடையாளம் என்று நிரல் நிரலாகச் செல்லும் அவற்றில், ஒரு வயது, இரண்டு வயது என்ற குறிப்புகளும் இடையிடையே வருகின்றன. அக்காலக் கப்பல்களில் இரண்டு வகைக் கணக்கு உண்டு. ஏறிய உயிர்கள் எத்தனை என்பது ஒன்று. 'பெரியவர்' அளவில் அவை எத்தனை என்பது மற்றொன்று. இரண்டு சிறுவர் சேர்ந்தால்தான் ஒரு பெரியவர். இடத்தையும் உணவையும் பங்கிடுவதற்கான கணக்கு அது. அந்தக் கணக்கில் குழந்தை அரை மனிதன். ஆனால் கப்பலில் தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் பரவியபோது முதலில் மாண்டவை பெரும்பாலும் அந்த அரை மனிதர்களே. உயிருடன் கரையிறங்கியவர்க்குத் தலைக்கு இவ்வளவு என்று கப்பல் மருத்துவருக்கு ஊதியம் வகுத்ததும் இத்தகைய சாவுகளைக் குறைப்பதற்காகத்தான். காப்புப் பருவம் பாடுவதற்கு இதைவிடத் தகுந்த இடம் வேறு உண்டா? பாடத்தான் புலவர் இல்லை.

நேட்டாலோடு இக்கதை முடியவில்லை. 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜுலா' கப்பலை நம்மில் மூத்தோர் அறிவர். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். ஆயிரக்கணக்கானோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்றனர். இருபுறமும் அடுக்கிய தகரப் பெட்டிகளுக்கு நடுவே எத்தனை ஏணைகள் ஆடியிருக்கும்! 1942இல் போருக்கு அஞ்சிப் பர்மாவிலிருந்து வெளியேறிய இலட்சக்கணக்கான இந்தியருள் பலர், குழந்தைகளைத் தோளில் சுமந்து மலைக்காடுகளின் வழியே நடந்தே வந்தனர். மண்டபம் முகாமோ இரு திசைப் பயணத்தையும் கண்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோரை ஒரு காலத்தில் நோய்ச் சோதனைக்காக அங்கே நிறுத்தி வைத்தனர். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து படகேறி வந்த ஏதிலியர்க்கு அதுவே புகலிடம் ஆயிற்று. போகும்போதும் கைக்குழந்தை, வரும்போதும் கைக்குழந்தை.

1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'சிதம்பரம்' கப்பலில் தீப்பற்றியதோடு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான பயணிகள் கப்பல் போக்குவரத்தும் முடிவுக்கு வந்தது. பயணம் முழுவதும் வானத்திற்கு மாறியது. இன்று அது நம் தெருக்களிலேயே தொடங்குகிறது. 1960களில் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், பட்டறைகளுக்கு அருகே மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அங்குப் பணிபுரியும் பெண்கள் டெக்சாசுக்கும் சிட்னிக்கும் செல்கின்றனர். அவர்களுடைய குழந்தைகள் புறவழிச்சாலை வழியே மீனம்பாக்கம் செல்கின்றன. ஒப்பந்தக் கூலியின் கண்ணீரும் மென்பொருள் பணியாளரின் பயணமும் ஒன்று என்று நான் கூறவில்லை. அப்படிக் கூறுவது முன்னவரின் துயரை மலிவாக்குவதாகும். ஆனால் இரண்டிலும் ஒன்று மாறவில்லை. போவதா வேண்டாவா என்று கேட்கப்படாத பயணி ஒருவர் இரண்டிலும் இருக்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் மலேசியாவில் நடந்த ஒரு கருத்தரங்கிற்கு என் பதினொரு மாதக் குழந்தையுடன் சென்றேன். விமானம் இறங்கத் தொடங்கியதும் குழந்தை வீறிட்டு அழுதது. காதுக்குள் காற்றழுத்தம் மாறுவதால் உண்டாகும் வலி அது. விழுங்கும்போது காதுக்கும் தொண்டைக்கும் இடையிலுள்ள குழாய் திறந்து வலி தணியும் என்பதால் பால் கொடுத்தேன், அடங்கியது. அருகிலிருந்த மலேசியத் தமிழ்ப் பாட்டி புன்னகைத்தார். "என்னையும் இப்படித்தான் எங்கம்மா மடியில வச்சு ரஜுலாவில கொண்டு வந்தாங்களாம். எனக்கு ஒண்ணும் நினைவில்லம்மா" என்றார். பயணித்தவருக்கே நினைவில்லாத பயணம்! அதைப் பிறர் எழுதி வைக்காவிட்டால் அது நடக்காததாகவே போய்விடும். கருத்தரங்கிலோ ஓர் அறிஞர், "குழந்தையை ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கலாமே" என்றார். தந்தையராக வந்திருந்த ஆய்வாளர் எவரிடமும் அவர் அப்படிச் சொல்லக் கேட்கவில்லை. கடற்பயணம் பெண்ணுடன் இல்லை என்ற பழைய நூற்பா இன்னும் நம் மனத்தில் நடைமுறையில் இருக்கிறது போலும்.

அன்பர்களே, இன்றைய குழந்தைக்குப் பருவங்கள் எவ்வாறு அமைகின்றன என்று எண்ணிப் பாருங்கள். காப்பு வசம்பு வளையலோடு நிற்பதில்லை. ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியை, வெளிநாடு செல்லும் குழந்தைக்கு ஆறு மாதத்திற்குப் பின் முன்கூட்டியே போடுமாறு மருத்துவர் சொல்வதுண்டு, அதுவும் காப்பே. அம்புலியை அழைப்பதிலும் சிக்கல். ஆவடியில் நிலவு எழும்போது டெக்சாசில் பொழுது விடிகிறது. பாட்டி காட்டும் நிலவைப் பேத்தி அதே வேளையில் காண இயலாது. எல்லாவற்றினும் கடினமானது வருகைப் பருவம். கைப்பேசித் திரையில் முகம் காட்டிப் பாட்டி "வா, வா" என்று இரு கைகளையும் நீட்டுகிறார். குழந்தை நடந்தும் வருகிறது. ஆனால் அது வந்து சேர்வது கண்ணாடியிடம். இந்தப் பருவத்தைப் பழைய புலவர் எவரும் பாட வாய்ப்பில்லை. நீங்கள்தாம் பாட வேண்டும்.

பிள்ளைத்தமிழ் தெய்வங்களையும் தலைவர்களையும் பாடியிருக்கிறது. பெயரில்லாத குழந்தையையும் அது பாடட்டும். பட்டியலில் வெறும் எண்ணாக நின்ற ஒரு வயதுக் குழந்தைக்கு ஒரு காப்பு. ரஜுலாவின் தளத்தில் தூங்கிய குழந்தைக்கு ஒரு தாலாட்டு. மண்டபத்தில் ஈரத்துணியோடு இறங்கிய குழந்தைக்கு ஒரு முத்தம். விருத்தமாயினும் புதுக்கவிதையாயினும் உங்கள் விருப்பம். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மலேயாவிலிருந்தும் திரும்பிய மூத்தோர் நம் பகுதியிலும் இருப்பார்கள். அவர்களைத் தேடிச் சென்று, தம் தாயர் பாடிய தாலாட்டுகளைச் சொல்லக் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். அந்தக் குரல்களைக் கேட்க நமக்கு இன்னும் பத்து ஆண்டுகள் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

கப்பலின் கணக்கு குழந்தையை அரையென்று எண்ணியது. விமானத்தின் கணக்கு பத்தில் ஒன்று என்று எண்ணுகிறது. கவிஞரின் கணக்கிலாவது அது முழு உயிராக இருக்கட்டும். பத்துப் பருவங்களோடு பதினோராவதாகப் பயணப் பருவம் ஒன்றையும் நம் வட்டம் சேர்த்துத் தருமானால், இந்தப் பத்தாம் ஆண்டு நிறைவு பொருளுடையதாகும்.