மலைச் சிற்றூரில் ஒரு தமிழ்ப்பள்ளி



தாய்மொழிவழிக் கல்விக்கான முழக்கத்திற்கு நாட்டில் குறைவில்லை, பள்ளிக்கே குறைவு. 1993-இல் அம்பத்தூரில் தாய்த்தமிழ்ப் பள்ளி கண்ட தோழர் தியாகுவும், திண்டிவனத்தில் அவ்வழியே பள்ளி எழுப்பிய பேராசிரியர் பிரபா கல்விமணியும் செய்து காட்டியவர்கள்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை. 1976 வரை அது சாகிர்தாரர் மூவரின் பிடியில் கிடந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்குக் கூலியின்றி உழைத்தனர். அரசின் உண்டுறைப் பள்ளிகள் இன்று அங்கு உண்டு. அவற்றோடு, சிற்றூரொன்றில் சிறு தமிழ்வழிப் பள்ளி தொடங்க விழையும் இளைஞர் சட்டத்தை முதலில் அறிதல் வேண்டும்.

பள்ளிக்கு உரிமையுடைய அமைப்பு ஒன்று தேவை. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி எழுவர் கூடிக் கழகம் பதியலாம். அல்லது ஆவணம் எழுதி அறக்கட்டளை நிறுவலாம். எழுவரும் ஒரே வீட்டாராயின், நாளைப் பங்காளிச் சண்டையில் பள்ளியும் ஒரு பங்காகும்!

அடுத்தது ஏற்பிசைவு. அலுவலகத்தார் இதனை அங்கீகாரம் என்பர். 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டப்படி, அஃதின்றிப் பள்ளி நடத்துவோர்க்கு 1 இலக்கம் உருபா வரை தண்டம். மேலும் நடத்தின் நாளொன்றுக்கு 10,000 உருபா. கட்டட இசைவு, கட்டட உறுதி, நலவழி, தீத்தடுப்பு ஆகிய சான்றுகள் கட்டாயம். இவற்றை அலுவலகத் தொல்லை என எண்ணற்க. 2004 சூலை 16 அன்று குடந்தையில் 94 பிள்ளைகள் தீக்கிரையாயினர். மலைக்குக் கீற்றுக் கொட்டகை போதும் என்பார் அந்நாளை நினைக்க.

மலையில் பெருந்தடை நிலமே. 2006-ஆம் ஆண்டுக் காட்டுரிமைச் சட்டம், ஊரவைப் பரிந்துரையுடன் ஓர் எக்டேருக்குக் குறைந்த காட்டு நிலத்தைப் பள்ளிக்கு விட வழிசெய்கிறது. ஆனால் அது அரசு நடத்தும் பள்ளிக்கு மட்டுமே! தனியார் பள்ளி, எத்துணைத் தூய நோக்கினதாயினும், காட்டெல்லைக்கு வெளியே பட்டா நிலம் தேடவேண்டும்.

தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை ஆசிரியர் இருவர் வேண்டும். பயிற்சியும் தகுதித் தேர்வு வெற்றியும் அவர்க்கு இன்றியமையாதன. தமிழ்ப்பற்று அவற்றுக்கு ஈடாகாது.

பணத்திற்கு அரசை நம்பற்க. 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கிய தனியார் பள்ளிகளுக்கு நல்கை இல்லையென்று சட்டத்திருத்தம் கதவடைத்தது. ஊதியமோ பன்னிரு திங்களும் கொடுக்கவேண்டும். மலைமக்கள் கையில் காசு புழங்குவது மரவள்ளி விற்கும் பருவத்திலேதான். ஆகவே ஓராண்டு ஊதியத்தை வங்கியில் வைத்த பின்னரே பிள்ளைகளைச் சேர்க்க. இடையில் மூடும் பள்ளி, பிள்ளைக்குப் படிப்பையே வெறுக்கச் செய்யும்.

அயலகத் தமிழர் கொடையிலும் விழிப்பு வேண்டும். இந்தியக் குடிமகனாய் வளைகுடாவில் உழைப்பவர் தம் சேமிப்பை வங்கிவழி விடுத்தால் அஃது அயல்நாட்டுக் கொடையாகாது. மலேசியக் குடியுரிமையுடைய தமிழர் கொடுத்தால் ஆகும்; அதற்கு ஒன்றிய உள்துறையின் பதிவோ முன்னிசைவோ வேண்டும். பதிவுக்கோ பொதுவாக மூன்றாண்டுப் பணி காட்டல் வேண்டும். கொடையாளரின் கடவுச்சீட்டு எந்நாட்டினது எனக் கேட்டறிந்த பின்னரே பற்றுச்சீட்டு எழுதுக.