இழப்பீட்டு நிதி: தொகை மட்டுமல்ல, தேதியும்



நம் நீதிமன்றங்களில் குற்ற வழக்கு என்பது நெடுங்காலம் அரசுக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையிலான வழக்காகவே இருந்தது. அடிபட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறுவார், சொல்லுவார், இறங்கிப் போவார். 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஆம் பிரிவு இழப்பீடு பற்றிப் பேசியது உண்மைதான். ஆனால் அது குற்றவாளியிடம் காசு இருந்தால்தான் பயன்பட்டது. 2008இல் திருத்தம் வந்தது. 2009 டிசம்பர் 31 முதல் 357ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. எதிரி விடுதலையானாலும், குற்றம் செய்தவர் யாரென்றே தெரியாவிட்டாலும், பாதிக்கப்பட்டவருக்கு அரசின் நிதியிலிருந்து இழப்பீடு கிடைக்க வழி பிறந்தது. அந்த நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த புதிய சட்டத்தில் அது 396ஆம் பிரிவு.

உரிமை ஏட்டில் ஏறிவிட்டது. இனி நாம் பேச வேண்டியது நிதி நிர்வாகம். கணக்காளர்களின் வேலை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பணம் எந்தத் தேதியில் கைக்கு வருகிறது என்பதிலேயே பாதி நீதி அடங்கியிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அமில வீச்சு வழக்கொன்றில் 2013இல் உச்ச நீதிமன்றம் குறைந்தது 3 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. தொகையைவிட அதில் என்னை ஈர்த்தது கால வரையறை: முதல் 1 லட்சம் 15 நாளுக்குள், மீதி அடுத்த இரண்டு மாதத்துக்குள். எரிந்த தோலுக்கான அறுவை சிகிச்சை, தீர்ப்பு வரும்வரை காத்திராது. விண்ணப்பத்தை இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் உத்தரவு வந்த பிறகு ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்ற பதில் வந்தால் அந்தக் கெடுவுக்குப் பொருளே இல்லை. ஆகவே மார்ச் 31ஓடு காலாவதியாகாத தனி நிதியும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கையில் எப்போதும் ஒரு முன்பணமும் இருந்தாக வேண்டும்.

பணம் எங்கிருந்து வருவது? குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான அமெரிக்காவின் 1984ஆம் ஆண்டுச் சட்டம், வரிப்பணத்தைத் தொடாமல் கூட்டாட்சி நீதிமன்றங்களின் அபராதங்களைக் கொண்டே நிதியை நிரப்பியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெருநிறுவனங்கள் வழக்கைச் சந்திக்காமல் உடன்படிக்கை செய்துகொண்டு கட்டிய தொகைகள் வேறு கணக்குக்குப் போனதால் நிதி வற்றியது. 2021இல் சட்டத்தையே திருத்த நேர்ந்தது. நாமும் அபராதத்தையும் நன்கொடையையும் வரவாகக் கொள்ளலாம். ஆனால் அடித்தளம் வரவு செலவுத் திட்ட ஒதுக்கீடாகவே இருக்க வேண்டும்.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்காக 2018இல் வகுத்த திட்டப்படி, இழப்பீட்டில் 75 விழுக்காடு குறைந்தது மூன்றாண்டு நிரந்தர வைப்பில் போடப்படும். சிறார்க்கு 80 விழுக்காடு, அதை எடுப்பதும் வயது வந்த பிறகே. உறவினர் பறித்துவிடக் கூடாது என்ற அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் குற்றம் நடந்த வீட்டைவிட்டு வெளியேறத் துடிக்கும் பெண்ணுக்கு உடனே வேண்டியது வாடகைக்கான முன்பணம். கல்விக்கும் மருத்துவத்துக்கும் முன்கூட்டியே எடுக்கலாம் என்ற விதிவிலக்கு உண்டு. அதையும் அவர் மனுப் போட்டுத்தான் பெற வேண்டும். தன் பணத்துக்குத் தானே மனுதாரராக நிற்பது இரண்டாவது அவமானம் அல்லவா? காப்பையும் சுதந்திரத்தையும் எந்த விகிதத்தில் இணைப்பது என்பதை மாவட்டவாரியான பட்டுவாடாக் கோப்புகளைப் படித்தவர்கள்தாம் சொல்ல முடியும். அத்தகைய ஆய்வு தமிழில் அரிது. முதல் அமர்வில் கட்டுரை வாசிக்கும் இளைஞர்கள், விண்ணப்பத் தேதிக்கும் வங்கியில் வரவு வைத்த தேதிக்கும் இடைப்பட்ட நாட்களை எண்ணிக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.