நான்கில் மூன்று பேர் கை தூக்கினால்



நம் சிங்கப்பூருக்குக் கடல் எவ்வளவு இருக்கிறது? ஈஸ்ட் கோஸ்ட்டில் நின்றால் நங்கூரமிட்ட கப்பல்களுக்கு அந்தப் பக்கம் இந்தோனேசியத் தீவு தெரிந்துவிடுகிறது. அவ்வளவுதான்! ஆனால் உலகக் கடலுக்குச் சட்டம் எழுதும் மாநாட்டில் இரண்டு முறை நம்மவர் தலைமை நாற்காலியில் இருந்திருக்கிறார். 1982 கடல் சட்ட ஒப்பந்தத்தை முடித்துவைத்தவர் டாமி கோ. இலங்கையின் ஷர்லி அமெரசிங்க 1980இல் மறைந்தபின் அந்தப் பொறுப்பு இவர் தோளில் விழுந்தது. அடுத்தவர் ரீனா லீ. 2023 மார்ச் 4 இரவு, கடல் உயிர்களைக் காக்கும் புதிய ஒப்பந்தத்துக்காக நியூயார்க்கில் 36 மணி நேரத்துக்கு மேல் விடாமல் நடந்த பேச்சின் முடிவில், கப்பல் கரை சேர்ந்துவிட்டது என்று அவர் அறிவித்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

பெருமைப்படலாம், தப்பில்லை. ஆனால் இதைத் தியாகம் என்று நான் சொல்லமாட்டேன். கடல்வழி திறந்திருந்தால்தான் நம் வீட்டில் அடுப்பெரியும். சட்டம் இல்லாத கடலில் முதலில் அடிபடுவது சின்ன நாடுதான்.

எந்தக் கடலைப் பற்றிப் பேச்சு? கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால், எந்த நாட்டுக்கும் உரிமை இல்லாத நீர். மொத்தக் கடலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அங்கே கப்பல் ஓட விதி சொல்ல லண்டனில் ஓர் அமைப்பு, கடலடியில் கனிமம் தோண்ட ஜமைக்காவில் ஓர் ஆணையம், மீனுக்கு வட்டாரத்துக்கு ஒரு சபை. உயிர்களை மொத்தமாகக் காக்க மட்டும் ஆளில்லாமல் இருந்தது. 2004இல் ஐ.நா. இதற்கென ஒரு குழுவைப் போட்டது. ஒப்பந்தம் முடிய 19 ஆண்டு ஆயிற்று.

ஏன் அத்தனை இழுபறி? பணம், ஐயா, பணம். கரீபியக் கடற்பஞ்சு ஒன்றில் கண்ட சேர்மம் காட்டிய வழியில்தான் சைட்டரபின் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்து பிறந்தது. நாளை ஆழ்கடல் நுண்ணுயிர் ஒன்று அப்படி ஒரு மருந்தைக் காட்டினால் லாபம் யாருக்கு? முந்தி எடுத்தவருக்கே என்பது கப்பலும் ஆய்வுக்கூடமும் வைத்திருக்கிறவர்களின் கட்சி. மனிதகுலத்தின் பொதுச்சொத்து, பங்கு கொடு என்பது வளரும் நாடுகளின் கட்சி. கடலடித் தரைக்காக மால்டாவின் தூதர் ஆர்விட் பார்டோ 1967இலேயே ஐ.நா.வில் எழுப்பிய வழக்கு இது. இப்போது பங்கு உண்டு என்று எழுதியாயிற்று. எவ்வளவு, எப்படி என்பதை இனிமேல்தான் பேசவேண்டும்.

என்னைக் கேட்டால், இந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடி அதன் வாக்கு விதி. அண்டார்க்டிகாவைப் பாருங்கள். அந்தக் கடலுக்கான ஆணையத்தின் உறுப்பு நாடுகள் எல்லாம் ஒத்துக்கொண்டால்தான் கடல் உயிர்க் காப்பகம். ராஸ் கடலுக்கு 2016இல் ஒருவழியாகக் கிடைத்தது, 15 லட்சம் சதுர கிலோமீட்டர். கிழக்கு அண்டார்க்டிகாவுக்கான திட்டமோ பத்தாண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. சீனாவும் ரஷ்யாவும் தலையாட்டவில்லை. புதிய ஒப்பந்தத்தில் ஒருமித்த கருத்து வராவிட்டால் நான்கில் மூன்று பங்கு வாக்கில் காப்பகம் அறிவிக்கலாம். பிடிக்காத நாடு 120 நாளுக்குள் காரணத்தை எழுதிக் கொடுத்து ஒதுங்கலாம். மற்றவர் வழியை மறிக்க முடியாது.

ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். போர்க்கப்பலுக்கு இதில் விலக்கு. மீன்பிடி சபைகளின் அதிகாரத்திலும் கைவைக்கக்கூடாது. நாளை சர்காசோ கடலைக் காப்பகம் ஆக்கினாலும், அங்கே மைல்கணக்கில் தூண்டில் போட்டுச் சூரை பிடிக்கும் கப்பலை நிறுத்த, அட்லாண்டிக் சூரை ஆணையத்தின் வாசலில்தான் போய் நிற்கவேண்டும். எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் இதை விட்டுக்கொடுக்காமல் அந்த மார்ச் இரவு விடிந்திருக்காது.

60ஆவது நாட்டின் ஒப்புதல் 2025 செப்டம்பரில் வந்தது. 2026 ஜனவரி 17 முதல் ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. அதிலிருந்து ஓராண்டுக்குள் முதல் கூட்டம் கூடவேண்டும் என்பது விதி. அங்கே கை தூக்கும் உரிமை ஒப்புதல் தந்தவருக்கு மட்டுமே. சிங்கப்பூர் 2024இலேயே தந்துவிட்டது. கையெழுத்தோடு நிற்கிற நாடு எத்தனை பெரியதானாலும் பார்வையாளர் வரிசையில்தான் உட்காரவேண்டும்.