சிக்கனத்தால் சொத்து சேருமா?

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



அறக்கட்டளைப் பத்திரங்களில் வழக்கமாக ஒரு விதி இருக்கும்: முதல் தொகையில் கை வைக்கக் கூடாது, ஆண்டுதோறும் வரும் வட்டியில்தான் சொற்பொழிவு நடக்க வேண்டும். குடும்பங்களிலும் முதலைத் தொடாமல் காலம் தள்ள முடிகிறவை உண்டு. முதல் என்று ஒன்று சேரும் முன்பே அதை எடுத்துச் செலவழிக்க நேர்கிறவையும் உண்டு. இந்த வேறுபாட்டைச் சிக்கனம், ஊதாரித்தனம் என்று குணத்தின் கணக்கில் எழுதிவிடுவது நம் வழக்கம். பொருளியல் ஆய்வு அதை எந்தக் கணக்கில் எழுதுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

1. வாழ்நாள் கணக்கு

வருமானம் ஏற ஏறச் சேமிப்பின் பங்கும் ஏறும் என்றார் பொருளியலறிஞர் கெயின்ஸ். அது 1936. பத்தாண்டு கழித்து சைமன் குஸ்நெட்ஸ் அமெரிக்காவின் கணக்கை 1869 முதல் தொகுத்து வெளியிட்டார். நாட்டின் வருமானம் பன்மடங்கு பெருகியிருந்தது. சேமிப்பு விகிதமோ பெரிதாக உயரவே இல்லை. ஆனால் ஏதாவது ஓர் ஆண்டை எடுத்துக் குடும்பங்களை ஒப்பிட்டால், வருமானம் மிக்கவர்களே கூடுதலாகச் சேமித்தார்கள். இரண்டும் எப்படி உண்மையாகும்?

பிராங்கோ மோடிக்லியானியும் ரிச்சர்ட் பிரம்பெர்க்கும் 1954இல் ஒரு விடை தந்தார்கள். மில்டன் ஃபிரீட்மன் 1957இல் இன்னொன்று தந்தார். இருவழியிலும் சாரம் ஒன்றே. மனிதர்கள் இந்த மாத வருமானத்தைப் பார்த்துச் செலவழிப்பதில்லை. நெடுங்காலத்துக்கு என்ன வரும் என்று பார்த்துச் செலவழிக்கிறார்கள். நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் மிச்சம் பிடிப்பதும், வறண்ட ஆண்டில் அதை எடுத்து உண்பதும் இதனால்தான். ஓர் ஆண்டை மட்டும் பார்த்தால், நல்ல ஆண்டு கண்டவர்கள் வருமானம் மிக்கவர்களாகவும் கூடுதலாகச் சேமிப்பவர்களாகவும் தெரிவார்கள்; நெடுங்காலத்தில் அது சமன்பட்டுவிடும்.

ஒரு சிறு கணக்கு. 25 வயது முதல் 65 வரை உழைத்து, பிறகு 85 வரை இருந்து உண்பவர், வட்டியே இல்லை என்றாலும், சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சேமித்தால் கடைசிவரை ஒரே அளவில் வாழலாம். ஓய்வு பெறும் நாளில் அவரிடம் ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுச் சம்பளம் இருக்கும்; வேலைக்குச் சேர்ந்த அன்று ஒன்றும் இருந்திராது. ஆகவே சம்பாத்தியத்தில் எல்லோரும் சமமான ஊரிலும் சொத்துக் கணக்கெடுத்தால் ஏற்றத்தாழ்வு தெரியும். அது வயதின் ஏற்றத்தாழ்வு; அதற்காக யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலை அதற்கு அப்பால் தொடங்குகிறது. ஆங்கஸ் டீட்டனும் கிறிஸ்டினா பாக்சனும் 1994இல் அமெரிக்கா, பிரிட்டன், தைவான் ஆகிய மூன்று இடங்களின் கணக்குகளை ஆராய்ந்தார்கள். ஒரே காலத்தில் பிறந்தவர்களுக்குள்ளேயே, வயது ஏற ஏற நுகர்வின் இடைவெளி அகன்றுகொண்டே போனது. ஒருவருக்கு நோய், ஒருவருக்குப் பதவி உயர்வு, ஒருவருக்கு ஆலை மூடல். இவை ஒவ்வொன்றும் வந்த சுவடின்றிப் போய்விடுவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன.

2. வட்டி யார் கணக்கில்?

சொத்தில் எவ்வளவு உழைத்துச் சேர்த்தது, எவ்வளவு பிறந்த வீட்டால் வந்தது? 1981இல் லாரன்ஸ் கோட்லிகாஃப், லாரன்ஸ் சம்மர்ஸ் இருவரும் அமெரிக்கச் சொத்தில் ஐந்தில் நான்கு பங்கு பரம்பரையாக வந்தது என்றார்கள். மோடிக்லியானி மறுத்தார், அவர் கணக்கில் அது ஐந்தில் ஒரு பங்குதான்.

இத்தனை பெரிய வேறுபாட்டுக்குப் பெரும் காரணம் ஒரு பதிவு முறை. முப்பது வயதில் ஒருவருக்குத் தகப்பன் சொத்தாகப் பத்து லட்சம் வருகிறது. அவர் தொடவில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை அது இரட்டித்தால் அறுபது வயதில் எண்பது லட்சம். நடுவில் வளர்ந்த எழுபது லட்சம் யாருடையது? வந்த வட்டியைச் செலவழிக்காமல் விட்டதும் சேமிப்புதானே என்றார் மோடிக்லியானி. பத்து லட்சம் வராமல் எழுபது ஏது என்றார்கள் எதிர்த்தரப்பினர். கணக்கியலில் இதற்குத் தீர்ப்பு இல்லாமல் போகலாம். ஒன்று மட்டும் தெளிவு: எழுபது லட்சத்துக்காக அவர் ஒரு வேளைச் சோற்றையும் குறைக்கவில்லை.

3. நார்வே காட்டியது

நார்வேயில் நிகரச் சொத்துக்கு ஆண்டுதோறும் வரி உண்டு. அதனால் வங்கிகளும் நிறுவனங்களும் தங்களிடம் யாருக்கு என்ன இருக்கிறது என்பதை வரித்துறைக்குத் தெரிவிக்கின்றன. அந்தப் பதிவேடுகளை ஆண்ட்ரியாஸ் ஃபாகெரெங்கும் அவருடன் மூவரும் ஆராய்ந்தார்கள். சொத்தின் விலையேற்றத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், சொத்து மிக்கவரும் குறைந்தவரும் வருமானத்தில் ஏறக்குறைய ஒரே பங்கைத்தான் சேமித்தார்கள். விலையேற்றத்தையும் சேர்த்தால் செல்வரின் சேமிப்பு விகிதம் செங்குத்தாக ஏறியது. விலை ஏறிய பங்கையும் வீட்டையும் அவர்கள் விற்கவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வாழ்நாள் வருமானம் மிக்கவர்கள் கூடுதல் பங்கைச் சேமிக்கிறார்கள் என்று டைனன், ஸ்கின்னர், செல்டெஸ் மூவரும் 2004இல் காட்டியிருக்கிறார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் அவர்கள் குடும்பங்களை வருமானப்படி வரிசைப்படுத்தினார்கள். நார்வே ஆய்வு சொத்துப்படி வரிசைப்படுத்தியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், கூடுதலாகச் சம்பாதிப்பவர் கூடுதலாக எடுத்து வைக்கிறார். ஏற்கெனவே வைத்திருப்பவருக்கோ வைத்த பொருளே மீதி வேலையைச் செய்கிறது.

4. சேமிக்கக் கூலி கொடுப்பவர்கள்

மறுமுனைக்கு வருவோம். ஆந்திரத்தின் விஜயவாடா குடிசைப் பகுதியில் வீடு வீடாகப் போய்ச் சேமிப்பு வசூலிக்கும் ஒரு பெண்ணைப் பற்றி ஸ்டூவர்ட் ரூதர்ஃபோர்டு எழுதியிருக்கிறார். நாளைக்கு ஐந்து ரூபாய் வீதம் 220 நாள் கட்டினால் சேர்வது 1,100 ரூபாய். கடைசியில் கையில் கிடைப்பது 1,000. மீதி நூறு ரூபாய், வசூலித்தவரின் கூலி. சராசரியாக அவரிடம் இருந்த தொகையைக் கொண்டு கணக்கிட்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு வட்டியை, கடன் வாங்கியவர் கொடுப்பதுபோல, சேமித்தவர் கொடுக்கிறார்.

இது அறியாமையா? வீட்டில் வைத்த பணத்தை உறவு கேட்கும், கணவர் கேட்பார், மருந்துக் கடை கேட்கும். பள்ளிக் கட்டணம் கட்டும் நாளில் ஆயிரம் ரூபாய் முழுசாகக் கையில் இருப்பதற்கு நூறு ரூபாய் விலை என்றால், அது தெரிந்தே செய்யும் செலவு. கென்யாவில் பாஸ்கலின் டூபாவும் ஜோனதன் ராபின்சனும் நடத்திய சோதனையும் இதையே சொல்கிறது. வட்டி கிடையாது, பணம் எடுக்கக் கட்டணம் உண்டு. அப்படிப்பட்ட வங்கிக் கணக்கைக்கூடச் சந்தை வியாபாரப் பெண்கள் பலர் விரும்பிப் பயன்படுத்தினார்கள்; கடையில் அவர்கள் போட்ட முதலும் கூடியது. அவர்களிடம் மனம் இருந்தது. வைக்க இடம் இல்லாமல் இருந்தது.

5. நம் நாட்டுக் கணக்கு

2019இல் தேசிய மாதிரி ஆய்வின் 77ஆம் சுற்று இந்தியக் குடும்பங்களின் கடனையும் சொத்தையும் கணக்கெடுத்தது. நகரங்களில் மேல்தட்டுப் பத்து விழுக்காட்டினரிடம் சொத்தில் 55.7 விழுக்காடு, கீழ்ப்பாதியிடம் 6.2. கிராமங்களில் இவை 50.8, 10.2. மிகப் பெரும் செல்வர்கள் மாதிரி ஆய்வில் எளிதில் சிக்குவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு எண் முக்கியம். கிராமக் குடும்பச் சொத்தின் மதிப்பில் 91 விழுக்காடும் நகரத்தில் 87 விழுக்காடும் நிலமும் கட்டடமும்தான். இங்கே மனை வைத்திருப்பவர்தான் நார்வேயின் பங்கு வைத்திருப்பவர். ஊரை ஒட்டிப் புறவழிச்சாலை வந்தால், பக்கத்தில் ஐந்து சென்ட் வைத்திருப்பவரின் சொத்து அவர் தூங்கும்போதே ஏறுகிறது. அதே தெருவில் வாடகைக்கு இருப்பவர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சீட்டுப் போட்டாலும், அவர் வாங்க நினைத்த மனையின் விலை அவரைவிட வேகமாக ஓடுகிறது. "சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்ற பழமொழி, கட்டுவதற்கு ஒரு துண்டு நிலம் இருப்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுதான் பேசுகிறது.

6. என்ன செய்யலாம்?

முதலாவது, சிறுசேமிப்பு வீட்டு வாசலுக்கு வர வேண்டும். 1928இலேயே, பின்னாளில் சிண்டிகேட் வங்கி எனப் பெயர் பெற்ற வங்கி, பிக்மி டெபாசிட் என்று நாள்தோறும் முகவரை அனுப்பிச் சில்லறைக் காசை வசூலித்தது. அந்த வேலைக்கான கூலியை ஏழையின் தலையில் கட்டாமல் பொதுச் செலவாக ஏற்கலாம்.

இரண்டாவது, சொத்துக்குப் பதிவு வேண்டும். வாரிசுச் சொத்து வரியை 1985இல் கைவிட்டோம். செல்வ வரியை 2015இல் கைவிட்டோம். இரண்டிலும் வசூல் சொற்பம் என்பது உண்மைதான். ஆனால் நார்வேயில் செல்வ வரி பணத்தோடு கணக்கையும் கொண்டுவந்தது. நம்மிடம் ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மாதிரி ஆய்வைத் தவிர வேறு பெரிய ஆதாரம் இல்லை. வரி போடுவதா என்று விவாதிக்கும் முன், எண்ணுவதையாவது ஒப்புக்கொள்வோம்.

மூன்றாவது, இங்கே அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவர்களுக்கு. ஒரு குடும்பத்திடம் "மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். மிச்சத்தை எதில் வைத்தார்கள், எத்தனை மாதம் அது இருந்தது, எதற்காக எடுத்தார்கள், எடுத்தபோது கைக்கு வந்தது எவ்வளவு என்றும் கேளுங்கள். இந்த நான்கு கேள்விகளும் இல்லாத ஆய்வு, கடைசியில் ஏழைக்குச் சிக்கனம் போதிக்கும் அறிவுரையாகத்தான் முடியும்.