கோடை விருந்துக்குக் கொல்லைப் பூ



போன சித்திரையில ஒரு மத்தியானம், என் மகளைப் பெண் பார்க்க வர்றவங்க சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டாங்க. வெயில் கொளுத்துது. அன்னைக்குத்தான் குழுவுல சேமிப்பு கட்டியிருந்தேன். கலர் வாங்கக் கையில காசு இல்லை. பக்கத்து வீட்டுல கடன் கேட்க மனசு வரல. கொல்லையில செம்பருத்தி பூத்திருந்தது.

ஒற்றைச் செம்பருத்தி 10 பூ பறிச்சேன். காம்பையும் நடுத்தண்டையும் கிள்ளிப் போட்டு, இதழை அலசினேன். 2 டம்ளர் தண்ணியைக் கொதிக்க வெச்சு இறக்கி, இதழைப் போட்டு 5 நிமிஷம் மூடி வெச்சேன். வடிகட்டி, சர்க்கரை கரைச்சு, பானைத் தண்ணி சேர்த்தேன். எலுமிச்சம்பழம் பிழிஞ்சதும் மங்கலா இருந்த நிறம் பளிச்சுன்னு சிவப்பாச்சு. வந்தவங்க இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சாங்க.

வேம்பும் இந்தக் கோடையில்தான் பூக்கிறது. மரத்தடியில் துணி விரித்தால் பூ தானாக உதிரும். நன்றாக உலர்த்தி டப்பாவில் வைத்தால் வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆகும். மாங்காயும் வெல்லமும் சேர்த்தால் பச்சடி.

ஒரு எச்சரிக்கை. அரளிப்பூ விஷம். அழகுக்குக்கூடச் சாப்பாட்டுத் தட்டில் வைக்காதீங்க. கடைப்பூவில் பூச்சிமருந்து இருக்கலாம். மருந்து அடிக்காத, நமக்கு நன்றாகத் தெரிந்த பூவை மட்டும் சமையலுக்கு எடுங்கள்.

விருந்தாளிக்காக யாரும் கடன்பட வேண்டாம். அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆளுக்கு 2 செம்பருத்தி கொண்டு வாங்க, எல்லாரும் சேர்ந்து குடிப்போம்.