கேட்கும் குரல் ஒன்றாகட்டும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் பெருமை பேசுவது மரபு. நாமோ இன்று நம் குறை ஒன்றைப் பேச விழைகிறோம். கல்விக்காகப் பொருள் கேட்பது இழிவன்று. ஒருவர் கேட்பதை மற்றவர் அறியாமல் கேட்பதுதான் கேடு.

முன்னொரு கல்வியாண்டில் நம்மவர் மூவர் ஒரே அன்பரிடம் தனித்தனியே சென்றனர். ஒருவர் நூலகத்துக்கும், ஒருவர் விழாச் செலவுக்கும், ஒருவர் ஒரு மாணவியின் விடுதிக் கட்டணத்துக்கும் கேட்டனர். விழாவுக்குக் கேட்டவர் முந்திக்கொண்டார். பின்னால் சென்றவர்களிடம் அன்பர், "உங்கள் கழகத்துக்குக் கொடுத்துவிட்டேனே" என்றார். அம்மாணவி முதலாண்டோடு கல்லூரியை விட்டு நின்றாள். அன்பர்மீது பிழையில்லை, பிழை நம்முடையது.

நம் தாம்பரத்தையே பாருங்கள். 1937-இல் இங்கு இடம்பெயர்ந்து வந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரி, ஒரே சபையின் பொருளால் மட்டும் வளர்ந்ததன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டிலேயே பல மிஷன்கள் கைகோத்து அதைத் தாங்கின. அக்கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்த நாளில்தான், 1883-இல் பரங்கிமலையில் பிறந்த நம் தலைவர் எம். சி. ராஜா அங்கே பயின்றார்.

அதனினும் தெளிவான சான்று, 1915-இல் தொடங்கிய சென்னைப் பெண்கள் கிறித்துவக் கல்லூரியினுடையது. அதுவும், வேலூர் மருத்துவப் பள்ளியும், லக்னோ, சீனம், ஜப்பான் ஆகிய இடங்களின் கல்லூரிகளுமாக ஏழு நிறுவனங்கள் 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒன்றுசேர்ந்து நிதி திரட்டின. லூசி பீபாடி அம்மையார் அப்பணியை முன்னின்று நடத்தினார். ராக்பெல்லர் குடும்ப அறநிதி ஒரு நிபந்தனை விதித்தது: மக்களிடம் இருபது இலட்சம் டாலர் திரட்டினால், தான் பத்து இலட்சம் தருவதாகக் கூறியது. கெடுவுக்குள் தொகை சேர்ந்தது. எழுவரும் ஒரே வாசலில் ஏழு முறை தட்டியிருந்தால் இது கைகூடியிருக்குமா?

பெரிய பல்கலைக்கழகங்கள் இதற்கெனத் தனி அலுவலகமே வைத்துள்ளன. எந்தத் துறையும் கொடையாளரை அணுகுமுன் அங்கே தெரிவிக்கும். வேறு துறை அவரிடம் பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும், அல்லது இரு வேண்டுகோளும் ஒன்றாக்கப்படும்.

நன்கொடை வேறு, மானியம் வேறு என்பதையும் அறிவோமாக. நன்கொடை அன்பால் வருவது. மானியம் குறித்த பணிக்கு, குறித்த காலத்துக்கு, கணக்குக் கேட்டு வருவது. 1913-இல் பரோடா மன்னரின் உதவியோடு கொலம்பியா சென்ற அண்ணல் அம்பேத்கரும், திரும்பியபின் அச்சமஸ்தானத்தில் பத்தாண்டு பணியாற்ற ஒப்பந்தம் செய்தே சென்றார். நிபந்தனையைப் படித்தபின்னரே கைநீட்ட வேண்டும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி, குறித்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மறைமலைநகரிலும் ஒரகடத்திலும் ஆலைகள் நம் அருகிலேயே உள்ளன. ஆனால் பதிவும் தணிக்கைக் கணக்கும் இல்லாத சங்கத்தை அவை நாடா.

ஆகவே மூன்று முடிவுகளை உங்கள்முன் வைக்கிறோம். ஒன்று, கழகத்தில் ஒரே கொடைப் பதிவேடு இருக்கட்டும். யாரை, எதற்கு, எப்போது கேட்டோம் என்பது அதில் ஏறட்டும். இரண்டு, கட்டணம் முதலில், கட்டடம் அடுத்து, விழா கடைசியில் என வரிசை வகுப்போம். மூன்று, பெற்ற ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கும் நன்றியும் கொடுத்தவரிடம் போய்ச் சேரட்டும்.

இளைஞர்களே, பதிவேட்டைக் கையில் எடுங்கள். வாசலில் நிற்பவர் ஒருவராயினும், அவர் பின்னால் நாம் அனைவரும் நிற்கிறோம் என்பதைக் கொடுப்பவர் உணரட்டும். இன்னொரு மாணவி நம் ஒழுங்கீனத்தால் படிப்பை இழக்க விடமாட்டோம்.