கண்ணப்பர் அணிந்த செருப்பு

கயிலையை நாடி நடந்த திருநாவுக்கரசருக்குப் பாதங்கள் தேய்ந்தன. கைகளால் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார் என்பது சேக்கிழார் வாக்கு. வேலூர், ஆம்பூர் அன்பர்கள் திருவண்ணாமலை சென்று வலம்வரும் வழியோ 14 கிலோமீட்டரே. ஆயினும் பாதி வழியில் பாதம் கொப்புளிக்கின்றது. அடியெடுக்கும்போது உள்ளெலும்பு முன்செல்லும். மேல்தோலோ தரையையோ செருப்பையோ பற்றி நிற்கும். இடைப்பட்ட அடுக்குகள் மீண்டும் மீண்டும் இழுபட்டுப் பிரிய, அங்கே நீர் கோக்கும். வியர்வையின் ஈரம் இதனை மிகுவிக்கும். புதுச்செருப்பு கடிக்கும் என்பதை, உலகுக்கே காலணி தைத்தனுப்பும் ஆம்பூரார்க்கு எடுத்துரைக்கவும் வேண்டுமோ! கொப்புளத்தைக் குத்தலாகாது, தானே உடையின், தூய நீரால் கழுவித் துணியால் மூடுக.

வலிக்கும் பாதத்தினும் வலிக்காத பாதமே அஞ்சத்தக்கது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளர் பாதங்கள் புண்ணாகிச் சிதைவதற்கு உணர்விழந்த நிலையில் அவர்கள் நடப்பதே பெருங்காரணம் எனக் கண்டார். மென்மையான ரப்பர் அடியிட்ட செருப்புகளை அவர்கட்குச் செய்வித்தார். நீரிழிவால் உணர்வு குன்றிய பாதமும் அத்தகையதே. அவ்வன்பர்கள் வெறுங்கால் நடையை நேர்ந்துகொள்ளற்க. கண்ணப்பரின் செருப்பணிந்த அடியைக் காளத்தியப்பர் வெறுத்தாரல்லர். வலம் முடிந்ததும், உடன்வந்தோரைக் கொண்டு உள்ளங்காலைப் பார்க்கச் செய்க.